ஒரு மா நம்பிக்கை

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். இன்றைக்கு வீட்டுக்கு வந்த பேப்பரில் 'விஞ்ஞானிகள் சாதனை' ரகத்தில் ஏதாவது செய்தி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் இருக்கும் வினைச்சொல்லைப் பென்சிலால் சுழியுங்கள். 'கண்டுபிடித்தனர்', 'வென்றனர்', 'முடிவு கட்டினர்'. எல்லாம் நடந்து முடிந்த சங்கதி. இப்போது செய்திக்குள் இறங்கி அங்கே இருப்பவற்றைச் சுழியுங்கள். 'கூடும்', 'வாய்ப்புள்ளது', 'எதிர்பார்க்கப்படுகிறது'. தலைப்பு இறந்தகாலம், செய்தி எதிர்காலம். நிகழ்காலத்தில் இருப்பது பேப்பருக்குக் காசு கொடுத்த நீங்கள் மட்டும்தான்.

2025 மே 4-ம் தேதி டெல்லியில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். மரபணுவைத் திருத்தி உருவாக்கியவை, உலகத்திலேயே இதுதான் முதல்முறை என்றார்கள். ஒன்று கமலா. நமக்கு நன்றாகப் பழக்கமான சம்பா மசூரியைத் திருத்தியது. 19 சதவீதம் கூடுதல் மகசூல், 20 நாள் முன்னதாக அறுவடை. இன்னொன்று பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. உவர் நிலத்தில் 30 சதவீதம் வரை கூடுதலாக விளையுமாம். மறுநாள் சில தலைப்புகளில் வெறும் '30 சதவீதம்' என்று இருந்தது. 'உவர் நிலம்' காணோம். 'வரை' என்ற இரண்டெழுத்தும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. விதை விவசாயி கைக்கு வர நாலைந்து வருடம் ஆகும் என்பது கடைசிப் பாராவில். பிற்பாடு எதிர்ப்பாளர்கள் அரசாங்கத்தின் சொந்தப் பரிசோதனைப் புள்ளிவிவரங்களையே எடுத்து வைத்துக்கொண்டு, சொன்ன அளவு இதில் தெரியவில்லையே என்று கேள்வி கேட்டார்கள். அது தலைப்பாக வந்ததா என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இந்த நெல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மெய்யாகவே இருக்கலாம். (பாருங்கள், எனக்கும் 'லாம்' தொற்றிக்கொண்டுவிட்டது.) என் கேள்வி வேறு. இப்படி ஒரு செய்தியை நம்புவதா, வேண்டாமா என்பதை நாம் மூளை சம்பந்தப்பட்ட விவகாரமாகவே நினைக்கிறோம். படித்தவன் சந்தேகப்படுவான், படிக்காதவன் நம்புவான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது பேரேடு சம்பந்தப்பட்ட விவகாரம். சொன்னது பலிக்காமல் போனால் யார் கணக்கில் பற்று எழுதுவது?

நான் படித்தது பி.காம். மரபணு பற்றி எனக்குத் தெரிந்தது, மரபணு விஞ்ஞானிக்கு ஐந்தொகை பற்றித் தெரிந்த அளவுதான். ஆனால் முதல் வருடத்தில் 'கன்சர்வேடிஸம்' என்று ஒரு விதி நடத்துவார்கள். வரப்போகும் லாபத்தை வந்து சேரும்வரை எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே பணம் ஒதுக்கு. கடையில் இருக்கும் சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். இந்த விதியைப் பேராசிரியர்கள் உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. கையைச் சுட்டுக்கொண்ட வியாபாரிகளிடமிருந்துதான் வந்திருக்கும்.

விஞ்ஞானச் செய்தியில் இது தலைகீழ். அறிவிப்பு நாளன்றே லாபத்தை எழுதிவிடுகிறார்கள். 2000 ஜூலையில் அமெரிக்காவின் டைம் பத்திரிகை, தங்க அரிசியை அட்டையில் போட்டது. வைட்டமின் ஏ சத்துக்கான மூலப்பொருளை அரிசிக்குள்ளேயே வைத்த நெல். வருடத்துக்குப் பத்து லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றக்கூடும் என்றது அட்டை. பிலிப்பைன்ஸில் அதைப் பயிர் செய்ய அனுமதி கிடைத்தது 2021-ல். 2024 ஏப்ரலில் அங்கே ஒரு நீதிமன்றம் அதையும் நிறுத்தியது. தாமதத்துக்கு எதிர்ப்பாளர்கள்தான் காரணம் என்கிறது ஒரு கட்சி. நெல்லிலேயே கோளாறு என்கிறது இன்னொரு கட்சி. யார் சொல்வது சரியோ, அந்த அட்டைப்படத்தால் மரபணு விதைக் கம்பெனிகளுக்குக் கிடைத்த நல்ல பெயர் 2000-லேயே வரவு வைக்கப்பட்டாயிற்று. குழந்தைகள் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது.

இந்த வரவு செலவைத் தினமும் போட்டுப் பார்க்கிறவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் நெல் விளைகிற இடத்துக்குப் போக வேண்டும். நீடாமங்கலம் போயிருந்தேன். உங்களில் பலருக்கு அந்த ஊர் ஒரு ரயில்வே கேட்டாகத்தான் தெரிந்திருக்கும். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் என்று கிளம்பியவர்கள் வாழ்க்கையைப் பற்றி ஆழமாக யோசித்த இடம். பேப்பரில் இந்த ஊர்ப் பெயர் அடிக்கடி வரும். நீடாமங்கலம் ஸ்டேஷனிலிருந்து இத்தனை டன் நெல், அரைவைக்காக வெளி மாவட்டத்துக்குச் சரக்கு ரயிலில் போனது. ஆறு வரி. மூட்டையை எண்ணி, லாரியில் ஏற்றி, வேகனில் அடுக்கி முடித்த பிறகு எழுதுவதால் அதில் 'கூடும்' கிடையாது. எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் வரும் விவசாயச் செய்திகளில் மிகவும் நம்பகமானது அதுதான். அதை யாரும் படிப்பதில்லை.

கேட் சாத்தியிருந்தது. டீக்கடை நிழலில் நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் மேற்படி டெல்லி நெல்லைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். ஒன்றரை வேலி நிலம் உள்ளவர். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"எந்தத் தேதியில வெதைக்கணும்னு போட்டிருக்கா தம்பி?"

"அதெல்லாம் போடலீங்க."

"மேட்டூர் எப்பத் தொறப்பான்னு அந்த நெல்லுக்குத் தெரியுமா?"

பெரியவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. இருபது நாள் முன்னதாக அறுவடை என்பது டெல்லியில் லாபம். டெல்டாவில் அது என்றைக்குத் தண்ணீர் வந்தது, என்றைக்கு நாற்று விட்டோம், அந்த இருபது நாளில் மழை எங்கே இருக்கும் என்பதைப் பொறுத்து லாபமாகவோ, களத்தில் முளைத்த நெல்லாகவோ ஆகும். சரி, வேண்டாம் என்கிறீர்களா என்றேன்.

"வேணாம்னு யாரு சொன்னா? வரட்டும். ஒரு மா போட்டுப் பாப்பேன். தேறுச்சுன்னா அடுத்த வருசம் அஞ்சு மா."

மா என்பது நூறு குழி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். அந்த ஊரிலேயே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி நிலையங்களில் நாட்டிலேயே முதலாவது 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. இவர்கள் செய்வதும் பெரியவரின் 'ஒரு மா' வேலைதான். விவசாயியின் வயலிலேயே ஒரு பக்கம் புது ரகம், பக்கத்தில் அவர் வழக்கமாகப் போடுவது. அறுத்து, எடை போட்டு, எது தேவலை என்று பார்ப்பது. இதற்கு யாரும் அட்டைப்படம் போட்டதில்லை.

இந்தத் தத்துவத்துக்கு உடனே கைதட்டிவிடாதீர்கள். ஒன்றரை வேலி என்றால் முப்பது மா. பெரியவர் ஒரு மா போட்டால் முப்பதில் ஒரு பங்கைப் பந்தயம் கட்டுகிறார். போனால் போகிறது, அந்த வருடம் ஒரு கல்யாணத்தில் மொய் குறையும். பக்கத்து வயலில் இரண்டு மா குத்தகைக்கு எடுத்தவர் ஒரு மா போட்டால் அது பாதிக் குடும்பம். அவருக்குப் பரிசோதனை கிடையாது. ஒன்று முழுசாக நம்ப வேண்டும், இல்லாவிட்டால் முழுசாக மறுக்க வேண்டும். சந்தேகப்படுவதற்கும் நிலம் வேணும் சார்.

பருத்தியில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. திருவாரூர் மாவட்டத்தில் கோடையில் நெல் வயலில் பருத்தி போடுகிறவர்கள் நிறைய. இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002 மார்ச்சில் அனுமதி கொடுத்தார்கள். மஹிகோ மான்சான்டோ கம்பெனியின் விதை. காய்ப்புழுவை அது கட்டுப்படுத்தியதும் மருந்தடிப்பு குறைந்ததும் ஆரம்ப வருடங்களில் உண்மை. அப்போதெல்லாம் 450 கிராம் விதை வாங்கினால் கூடவே 120 கிராம் சாதாரண விதை ஒரு சின்னப் பாக்கெட்டில் வந்தது. அதை வயலைச் சுற்றி விதைக்க வேண்டியிருந்தது. ஏன்? புழுக்கள் வந்து சாப்பிட. அங்கே விஷம் படாத புழுக்கள் பிழைத்திருந்தால்தான், விஷத்துக்குப் பழகிய புழு இனம் பெருகாது. பிரமாதமான விஞ்ஞானம். ஆயிரம் ஏக்கர் வைத்திருப்பவன் சந்தோஷமாகச் செய்வான். ஒன்றரை ஏக்கர்காரர், கடன் வாங்கி விதை வாங்கியவர், ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்குப் படையல் போடுவாரா? பெரும்பாலோர் போடவில்லை.

2010-ல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி.யை எதிர்த்து நிற்கிறது என்று மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. காரணங்களில் ஒன்றாக, அந்தச் சின்னப் பாக்கெட்டை விவசாயிகள் விதைக்காததைச் சொன்னது. பூச்சியியல்படி அது சரி. நான் பி.காம்.காரனாகப் பார்க்கிறேன். பாதுகாப்பை விற்ற காசு ஒரு பக்கம் போயிற்று. அந்தப் பாதுகாப்பை உயிரோடு வைத்திருக்கும் செலவு, இலவசப் பாக்கெட்டில் இன்னொரு பக்கம் வந்தது. புழுவுக்கு விட்ட ஐந்தில் ஒரு பங்குக்கு ரசீது போட்டுக் கம்பெனிக்கு அனுப்ப வழியிருந்ததா?

போகட்டும், இதெல்லாம் பலிக்காத கதை. முழுக்கப் பலித்துவிட்டால்?

டெல்டாவில் பலித்திருக்கிறது. 1960-61-லேயே ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965 வாக்கில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. குறுகிய கால நெல். சில வருடங்களில் குறுவை வயல்களில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டது. 1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8. மகனுக்கே அந்த நெல்லின் பெயரை வைத்த விவசாயி தமிழ்நாட்டில் உண்டு. விளைச்சல் கூடும் என்றார்கள், கூடியது. சந்தேகப்பட்டவர்கள் தோற்றார்கள்.

களத்தில் நெல் கூடியதும் அறுத்தவர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, அப்போது ஒன்றாயிருந்த தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் தலித் விவசாயக் கூலிகள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சாதி, நிலவுடைமை, செங்கொடிச் சங்கத்தின் மீதிருந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்த கொடுமை அது. நெல் ரகத்தின் மேல் பழி போட முடியாது. ஆனால் கூடுதலாக விளைந்ததில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி அதன் நடுவில் இருந்தது. 'மகசூல் கூடும்' என்று எழுதிய எந்த அறிவிப்பிலும் அந்தக் கேள்விக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. 2025 மே மாத அறிவிப்பிலும் சதவீதம் இருக்கிறது, பங்கு இல்லை.

ஆகவே எதற்கும் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் நிம்மதி என்று நினைப்பீர்கள். அங்கேதான் இடிக்கிறது. ஒடிசா விவசாயிகள் வைத்திருந்த பழைய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம், வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் சாகாது. அதற்குக் காரணமான மரபணுவை 2006-ல் அடையாளம் கண்டார்கள். வழக்கமான ஒட்டுச்சேர்க்கை முறையிலேயே அதை மற்ற நெல்லுக்குள் கொண்டுவந்தார்கள். டெல்டாக்காரர்களின் செல்லப்பிள்ளையான பொன்மணி, அதாவது சி.ஆர். 1009, அதற்கும் ஒரு 'சப் 1' வந்திருக்கிறது. நவம்பர் மழையில் பயிர் இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் கிடந்தாலும் வடிந்த பிறகு தலை தூக்கும். (ஆமாம், இங்கேயும் 'வரை' இருக்கிறது. விடாமல் எழுதிவிட்டேன்.) பல வருடப் பொய்த் தலைப்புகளால் அலுத்துப்போன ஒருவர் இதையும் கதை என்று ஒதுக்கினால், மூழ்கப்போவது மறுபடியும் அவர் வயல்தான். நம்பிக்கை ஒரு நடைமுறை மூலதனம். ஊதிப் பெருக்கிய செய்தி ஒவ்வொன்றும் அதில் கொஞ்சம் எடுத்துச் செலவழித்துவிடுகிறது. உண்மையான சரக்கு வரும்போது கல்லா காலி.

என்னைப் போல் பத்தி எழுதிக் கிண்டலடிக்கிறவனுக்கும் இதில் ஒரு மூட்டை நஷ்டம் கிடையாது. அறிவிக்கிறவரும் நக்கலடிக்கிறவரும் ஒரே பெஞ்சுதான். இரண்டு பேர் வயலும் மூழ்காது.

எனக்குத் தோன்றிய ஏற்பாடு இது. புது விதையோ, ட்ரோனோ, மழையைக் கணிக்கும் மென்பொருளோ, அறிவிக்கிறவர் அன்றைக்கே இந்த வட்டாரத்தில் சின்னக் குத்தகைக்காரர் நூறு பேருடைய ஒரு மாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். விதை, உரம் அவர் செலவு. வழக்கமான பொன்மணி விளைச்சலைவிடக் குறைந்தால் வித்தியாசத்தை அவர் கொடுக்க வேண்டும். அதற்கான தொகையை அறிவிப்பு வருடத்தின் கணக்கிலேயே ஒதுக்கிக் காட்ட வேண்டும். சரியாகத்தான் சொல்கிறோம் என்று நம்புகிறவர்களுக்கு இதில் பைசா செலவில்லை. செய்தியில் 'வரை'யும் தானாகத் திரும்பி வந்துவிடும்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். யோசித்தார்.

"நட்டம் வந்தா குடுக்குறேன்னு சொல்றவன், நல்லா வெளைஞ்சா பங்கு கேக்க மாட்டானா தம்பி?"

அந்த ஷரத்தை நான் இன்னும் எழுதவில்லை.