நூலில் தொங்கும் கம்பி

டிரையாங்கிளைக் கையால் பிடித்து அடித்தால் 'டக்'கென்று ஒலி அணைந்துவிடும். நூலில் தொங்கவிட வேண்டும். விரல் நூலை மட்டும் தாங்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவள் நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள்.

*

ரமணாசிரமத்துப் பக்கத்துப் பள்ளி மைதானம். பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரே அருணாசல மலை, பின்னால் செங்கம் சாலை பஸ்களின் ஹாரன். சைடு டிரம், பெரிய டிரம், சிம்பல், மெலோடிகா வரிசை. இத்தனை சத்தத்தில் என் காது ஒரு கம்பியை மட்டும் தேடுகிறது.

கிடைக்கவில்லை. அவள் உதட்டைப் பார்க்கிறேன். எண்ணிக்கொண்டிருக்கிறாள். எட்டு எண்ணி ஒரு தட்டு, மறுபடி எட்டு. அவளுக்கு வாசிப்பது கொஞ்சம்தான். காத்திருப்பதும் கேட்பதும்தான் அதிகம். அந்த வயதில் நான் யாரையும் இவ்வளவு கவனமாகக் கேட்டதாக நினைவில்லை.

*

மெலோடிகாப் பிள்ளைகள் 'சக்தி சஹித கணபதிம்' வாசித்தார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம். மணலியில் இருந்த இளவயதில், சென்னைக் கோட்டையில் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளை அவர் கேட்டிருக்கிறார். பிறகு அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். கமகம் இல்லாமல் சங்கராபரண ஸ்வரங்களில் நேராக ஓடுவதால், இன்று பிள்ளைகளுக்கு அவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுப்பதுண்டு. தம்பி பாலுசுவாமி அதே நாட்களில் வெள்ளைக்காரர்களின் வயலினைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார்.

இந்த மலைக்கு வந்து சாரங்க ராகத்தில் 'அருணாசலநாதம்' பாடியவரும் அதே தீட்சிதர்தான் (1775–1835). அந்நிய மெட்டு என்று அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவரிடம் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

*

ஆசிரமத்தில் மாலை வேளையில் பாடசாலைப் பிள்ளைகள் வேதம் சொல்வார்கள். ஒருவனுக்கு மூச்சு முடியும். நிறுத்தி, இழுத்து, மறுபடி சேர்ந்துகொள்வான். ஓசை அறுபடாது. அங்கே உட்காரும்போது எந்தக் குரல் யாருடையது என்று நான் தேடியதில்லை. என் பிள்ளை அதில் இல்லை, அதனால்தான்.

பாசம் காதைக் குறுக்கிவிடும் என்பார்கள். அன்று பள்ளி மைதானத்தில் எனக்கு அப்படி நடக்கவில்லை. அவள் தட்டு எப்போது விழும் என்று தெரிய, நானும் எண்ண வேண்டியிருந்தது. எண்ணுவதற்குப் பெரிய டிரம்மைப் பிடித்துக்கொண்டேன். அதை அடித்த பையன் டிரம்முக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தான். ஒரு அடிகூடப் பிசகவில்லை. அவன் வழியாக சைடு டிரம்கள் தெளிந்தன. மெலோடிகாவில் ஒரு பெண் அரை நொடி முந்திப் போய், பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொண்டதும் கேட்டது. அவளுக்காக மனம் பதறியது. யார் வீட்டுப் பெண்ணோ.

எட்டு முடிந்த இடத்தில் 'டிங்'. சின்னதாக, நீளமாக.

*

"நான் அடிச்சது கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு. பெரிய டிரம் அடிச்ச பையன் யாரு?"

"ஆறாவது அண்ணா. அவரை வெச்சுத்தான் நாங்க எல்லாரும் எண்ணுவோம்."

அவன் அம்மா கேட் பக்கம் நின்றிருந்தார். போய் அவரிடம் இதைச் சொன்னேன்.