தேமலுக்குப் பாவம் உண்டா?

நாமக்கல் பக்கம் மரவள்ளி போடும் குடும்பம் எங்களுடையது. தேமல் விழுந்த செடியைப் பிடுங்கி எரிக்கச் சொன்னால் அம்மா தயங்குவார். “ஓரறிவானாலும் செடி உயிர்தானே கண்ணு? உள்ளிருக்கிற கிருமியும் பிழைக்க வந்ததுதானே? பாவம் யாருக்குச் சேரும்?” என்பார். தாவரவியல் நடத்தும் என்னால் இதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

வெள்ளை ஈ சாறு உறிஞ்சும்போது தேமல் நோயின் வைரஸ் செடிக்குள் இறங்குகிறது. அதன் மொத்த மரபுப்பொருள் இரண்டு ஒற்றையிழை டி.என்.ஏ. வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2,700 எழுத்துகள். படியெடுக்கும் நொதி அதனிடம் கிடையாது. வளையம் உட்கருவுக்குள் நுழைந்ததும் செல்லின் நொதிகளே எதிரிழை கட்டி அதை இரட்டை இழையாக்குகின்றன. பிறகு வைரஸின் மரபணுவிலிருந்து ‘ரெப்’ என்னும் புரதத்தையும் செல்லே செய்து தருகிறது. ரெப், வளையத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஓர் இழையை வெட்டுகிறது. வெட்டிய முனையிலிருந்து புது இழை வளர்ந்து வட்டமாய்ச் சுற்றிவர, பழைய இழை கழன்று வெளியேறுகிறது. பிரிவதை நிறுத்திவிட்ட முதிர்ந்த செல்லைக்கூட மறுபடி டி.என்.ஏ.வை உருவாக்கும் நிலைக்கு ரெப் திருப்பிவிடுகிறது. இலையோ திட்டுத்திட்டாக மஞ்சளித்து, சிறுத்து, கோணிப்போகிறது.

இதில் யாருடைய எண்ணம் இருக்கிறது? படியெடுப்பது செல்லின் இயல்பு. இது நம்முடையதா, வந்ததா என்று அது கேட்பதில்லை. 1935-இல் வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கினார். படிகமான பிறகும் அது தொற்றியது. அதை உயிர் என்றாலும் சரி, சடம் என்றாலும் சரி, எண்ணம் அதற்கு இல்லை. எண்ணத்தையே வினை என்கிறது பௌத்தம். நானும் அப்படியே நம்புகிறேன். வைரஸுக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

எண்ணம் நமக்கு உண்டு. செடியைப் பிடுங்குவது ஓர் உயிரைப் போக்குவதுதான்; ஆனால் அதை விட்டுவைத்தால் சுற்றியுள்ள செடிகளுக்கும் ஈ நோயைக் கொண்டுபோகும். ஈ போகாத தூரத்துக்கு நோயை, நடுவதற்கு வெட்டிய தண்டான கரணையோடு சேர்த்து, லாரியில் அனுப்புவது மனிதன். தேமல் என்று தெரிந்தே கரணை விற்பவனுக்குத்தான் அந்தப் பாவம் சேரும்.

கரணை கேட்டு வருபவருக்கு நோயில்லாத செடியிலிருந்து மட்டும் வெட்டிக் கொடுங்கள். அப்படிப்பட்ட செடி உங்கள் காட்டில் இல்லையென்றால், இல்லை என்று சொல்லி அனுப்புங்கள்.