ஒழுக்கமும் அறமும்

ஒழுக்கம், அறம் என்னும் இரு சொற்களையும் நாம் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கி வருகின்றோம். ஆயினும் இவை இரண்டும் ஒன்றல்ல. பெற்றோரும் ஊராரும் நடந்து காட்டிய வழியில் நாமும் நடப்பது ஒழுக்கம். அவ்வழி எல்லோருக்கும் நன்மை தருகின்றதா என்று ஆராய்ந்து, நல்லதைத் தெரிந்து செய்வது அறம். முன்னையது பழக்கத்தால் வருவது. பின்னையது சிந்தனையாலும் இரக்கத்தாலும் வருவது.

திருக்குறளின் முதற்பாலுக்கு அறத்துப்பால் என்று பெயர். அதிலுள்ள 38 அதிகாரங்களுள் ஒன்றுதான் ஒழுக்கமுடைமை. ஒழுக்கத்தை மிக உயர்வாகப் போற்றிய வள்ளுவரே அதனை அறத்தின் ஒரு பகுதியாக அமைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

எமது திருகோணமலையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத்துக்குத் தானத்தார், வரிப்பத்தார் முதலியோரை நியமித்து, அவரவர் செய்ய வேண்டிய தொழும்புகளை வகுத்ததாகக் கவிராச வரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு கூறுகின்றது. யார் எதனைச் செய்வது என்னும் இந்த ஒழுங்கே ஓர் ஆலயத்தை நிலைநிறுத்துகின்றது. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்தபோது அன்றாட முறைமை மட்டும் போதவில்லை. அடியார்கள் திருவுருவங்களை மண்ணுக்குள் மறைத்துக் காத்தனர் என்பது எம்மவர் நம்பிக்கை. 1950ஆம் ஆண்டில் நகரில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. பூசிக்க வேண்டிய திருமேனியைப் புதைப்பது வழமையன்று. ஆயினும் அந்த வேளையில் அதுவே அறமாயிற்று.

சில வேளைகளில் வழமையே அறத்துக்கு எதிராக நின்றுவிடுவதும் உண்டு. 1968ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி ஆலயத்தில், சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட முயன்றபோது தடுக்கப்பட்டார்கள். அவ்வாறு தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் முன்னரே கூறியிருந்தது. எனினும் தடுத்தவர்கள் தாம் ஆசாரத்தைக் காப்பதாகவே எண்ணினார்கள். ஆசாரம் காக்கப்பட்டது என்றார்கள்; ஆண்டவனைத் தேடி வந்த அடியாரின் மனமோ புண்பட்டது.

அது எங்கோ, என்றோ நடந்தது என்று நாம் இருந்துவிடலாகாது. எமது மாவட்டத்தில் நீண்ட போரினாலும், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையினாலும் கணவரை இழந்த பெண்கள் பலர். தனியாக நின்று, கூலி வேலை செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கிய தாய், மகளின் கலியாணத்தில் தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு வரும்போது ஒதுங்கி நிற்கின்றாள். ஒருவரும் அவளைத் தள்ளிவிடவில்லை, தானாகவே ஒதுங்குகின்றாள். அத்துணை ஆழமாக வழமை அவளுக்குள் இறங்கியிருக்கின்றது. ஒதுங்கி நில் என்பது ஊர் வழமை. அந்தத் தாயின் கைதான் முதலில் தொட வேண்டும் என்பது அறம். அம்மையே அம்பிகை என்று கும்பிடுகின்ற நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இதனால் ஒழுக்கம் வேண்டாம் என்பது கருத்தன்று. நீராடித் தூய ஆடை அணிதல், விரதம் காத்தல், ஆலயத்தில் அமைதி பேணல் ஆகியன மனத்தைப் பண்படுத்துவன. பிள்ளைகளுக்கு இவற்றைப் பழக்கவே வேண்டும். ஆனால் ஒரு வழமையினால் எவருடைய மனமேனும் நோகுமாயின், அவருடைய இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கவும் அவர்களுக்குப் பழக்க வேண்டும். ஒழுக்கம் வேலி என்றால் அறம் உள்ளே விளையும் பயிர். பயிரை நெரிக்கும் வேலியைச் சற்றே நகர்த்தி நடுவது வேலியை அழிப்பதாகாது.

அடுத்த நற்காரியத்தில் ஒதுங்கி நிற்கும் ஒரு தாயை நாமே கைபிடித்து முன்னே அழைத்து வருவோம். அதற்கான மனத்துணிவைக் கோணேசப் பெருமானும் மாதுமை அம்பாளும் எம் அனைவருக்கும் தந்தருள்வார்களாக.