பிள்ளைக்காகப் பெற்றோர் சொல்லும் பதில்



குழந்தையைத் திருமுழுக்குக்குக் கொண்டுவரும் பெற்றோரைக் குருவானவர் ஆலய வாசலிலேயே வரவேற்றுச் சில கேள்விகள் கேட்கிறார். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்பது முதலாவது. இப்பிள்ளைக்காகத் திருச்சபையிடம் எதை வேண்டுகிறீர்கள் என்பது அடுத்தது. “திருமுழுக்கு” என்று ஒரே சொல்லில் விடை வருகிறது. அப்படியானால் இப்பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் கடமையையும் நீங்கள் ஏற்கிறீர்கள். அதை உணர்ந்திருக்கிறீர்களா என்று குருவானவர் மீண்டும் வினவுகிறார். தாயும் தகப்பனும் “ஆம்” என்கிறார்கள். படம் எடுப்பவரின் அவசரத்திலும் குழந்தையின் அழுகையிலும் இந்த “ஆம்” பலருடைய காதில் விழுவதேயில்லை. சொன்னவர்களே வீடு திரும்புமுன் மறந்துவிடுவதும் உண்டு. ஆனால் கடவுள் முன்னிலையில் கொடுத்த வாக்கு அது.

முன்னாளில் இக்கேள்வி இவ்விதமாகக் கேட்கப்படவில்லை. வளர்ந்தோருக்கென அமைந்த சடங்கைச் சுருக்கியே குழந்தைகளுக்கும் பயன்படுத்தி வந்தனர். குருவானவர் குழந்தையைப் பார்த்தே, நீ விசுவசிக்கிறாயா என்று இலத்தீனில் கேட்பார்; குழந்தையின் பெயரால் ஞானப்பெற்றோர் விடை சொல்வர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், இச்சடங்கு குழந்தைகளின் உண்மை நிலைக்கு ஏற்றதாகத் திருத்தப்பட வேண்டும் என்றும், பெற்றோர் ஞானப்பெற்றோர் ஆகியோரின் பங்கும் கடமையும் அதில் தெளிவாக விளங்க வேண்டும் என்றும் பணித்தது. 1969இல் வெளிவந்த புதிய சடங்குமுறை அவ்வாறே அமைந்தது. இன்று அக்கேள்வி பேசத் தெரியாத பிள்ளையிடம் கேட்கப்படுவதில்லை. பேசத் தெரிந்த உங்களிடமே கேட்கப்படுகிறது.

பச்சைப் பிள்ளைக்கு ஏன்?

ஒன்றுமறியாத குழந்தைக்கு ஏன் திருமுழுக்கு, வளர்ந்து தானே தெரிந்துகொள்ளட்டுமே என்று கேட்போர் நம்மிடையேயும் உள்ளனர். நல்ல கேள்விதான். ஆனால் பிள்ளையின் சம்மதம் கேட்டு எந்தத் தாயும் பால் கொடுப்பதில்லை. பெயர் வைப்பதற்கும், தாய்மொழியில் பேசுவதற்கும், பிள்ளை வளர்ந்து விரும்பட்டும் என்று நாம் காத்திருப்பதில்லை. நல்லது என்று அறிந்ததை முந்திக் கொடுப்பதே அன்பு. இறைவனும் அவ்வாறே முந்திக் கொடுக்கிறார். பிலிப்பி நகரில் லீதியாளும், பின்னர் சிறைக்காவலனும் தத்தம் வீட்டார் அனைவரோடும் திருமுழுக்குப் பெற்றதை அப்போஸ்தலர் பணி நூலின் 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். குழந்தை திருச்சபையின் விசுவாசத்தில், உங்கள் விசுவாசத்தில் திருமுழுக்குப் பெறுகிறது.

தாய்மொழி என்ற உவமையை இன்னும் சற்று எண்ணிப் பாருங்கள். தமிழ்த் தாய்க்குப் பிறந்தும் தமிழ் பேசத் தெரியாத பிள்ளைகளைப் புலம்பெயர்ந்த நம் உறவினர் வீடுகளில் காண்கிறோம். பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? வீட்டில் பேசாத மொழி நாவில் எப்படி வரும்? திருமுழுக்கின் வேளையில் ஆன்மாவில் பதியும் முத்திரை ஒருபோதும் அழியாது. ஆகவேதான் அது ஒருமுறை மாத்திரமே கொடுக்கப்படுகிறது. ஆயினும் தாயும் தகப்பனும் செபிப்பதைக் காணாத பிள்ளை, அந்த முத்திரையைத் தாங்கிக்கொண்டே தேவனோடு பேசத் தெரியாமல் வளர்கிறது. மறைக்கல்வி ஆசிரியர் கிழமையில் ஒரு மணிநேரம் கற்பிப்பார். மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களிடமே இருக்கிறது.

அடையாளங்கள் சொல்வது

முழுக்கு என்ற சொல்லிலேயே பொருள் இருக்கிறது. கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டு, அவரோடு புது வாழ்வுக்கு எழுகிறோம் என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். அதனால் சென்மப் பாவம் நீங்குகிறது, பிள்ளை இறைவனின் பிள்ளையாகிறது, திருச்சபையில் உறுப்பாகிறது. நெற்றியில் குருவானவர் சிலுவை வரைந்தபின் தாயையும் தகப்பனையும் அவ்வாறே வரையச் சொல்கிறார். அந்தக் கை அன்றோடு ஓய்ந்துவிட அல்ல. கிறிஸ்மா தைலம் பூசுவது, குருவும் அரசரும் இறைவாக்கினருமான கிறிஸ்துவின் பணியில் பிள்ளைக்குப் பங்குண்டு என்பதற்காக. வெள்ளாடை, கறைபடாமல் காக்க வேண்டிய புது வாழ்வின் அடையாளம். பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி குழந்தையின் கையில் கொடுக்கப்படுவதில்லை. தகப்பனோ ஞானப்பெற்றோரோ அதை ஏற்றி வாங்குகிறார்கள். அணையாமல் காக்க வேண்டியவர் யார் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஞானப்பெற்றோர் தெரிவு பற்றியும் ஒரு சொல். நல்ல சங்கிலி போடுவார் என்பதற்காகவும், வெளிநாட்டிலிருந்து உதவுவார் என்பதற்காகவும், கோபித்துக்கொள்வார் என்ற அச்சத்துக்காகவும் ஒருவரைத் தெரிவுசெய்வது பிள்ளைக்கு நாம் செய்யும் அநீதி. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கேட்பது வேறு: பொதுவாக 16 வயது நிரம்பியவராக, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக, தாம் ஏற்கும் பொறுப்புக்குத் தக்க விசுவாச வாழ்வு வாழ்பவராக அவர் இருக்க வேண்டும். ஒருவரே போதும். இருவராயின் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருக்கட்டும். பக்கத்து வீட்டில் தினமும் செபமாலை சொல்லும் ஏழை மனிதர், உங்கள் பிள்ளைக்குச் செல்வந்தரை விடப் பெரிய சொத்தாக இருக்கக்கூடும்.

காலந்தாழ்த்த வேண்டாம்

மண்டபம் கிடைக்கவில்லை, மாமா வரவில்லை என்று மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடுகிறோம். பிறந்து முதற் சில கிழமைகளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதே சட்டம். விருந்து பின்னர் நடக்கலாம். உயிராபத்து வேளையில் குருவானவரைத் தேடி ஓடவும் நேரமிராது. அப்போது தாயோ, தாதியோ, எவராயினும், திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்துடன் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னால் அது முழுமையான திருமுழுக்கு. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும். பின்னர் பங்குத்தந்தைக்கு அறிவியுங்கள். அதற்கும் இடமின்றிப் பிள்ளையை இழந்த தாய்மாரே, மனம் உடைய வேண்டாம். அப்பிள்ளைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவர்கள் மீட்படைவர் என நம்பிச் செபிக்க நமக்குக் காரணம் உண்டு.

நம் மண்ணின் சாட்சியம்

மன்னாரில் 1544ஆம் ஆண்டு, புனித சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். அதே ஆண்டில் யாழ்ப்பாண மன்னனின் ஆணையால் சுமார் 600 பேர் கொல்லப்பட்டனர். அவர்கள் கிறிஸ்தவர்களாக வாழ்ந்தது சில மாதங்களே. நீண்ட மறைக்கல்வி கற்க அவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை. ஆயினும் சொன்ன “ஆம்” என்பதைத் திரும்பப் பெறவில்லை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கு இடமில்லாமற் போயிற்று. அவர்களுடைய பள்ளிக்கூடத் தோம்புகளில் திருமுழுக்கும் திருமணமும் பதியப்பட்டன. சட்ட உரிமைக்கு அப்பதிவு வேண்டியிருந்தது. ஏட்டில் ஒல்லாந்தரின் சபையினராக எழுதப்பட்டிருந்த பலர் வீட்டில் கத்தோலிக்கராகவே வாழ்ந்தனர். 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்றார். ஏறக்குறைய 29 ஆண்டுகள் குருவானவரில்லாத இம்மண்ணில் விசுவாசம் அணையாதிருக்கக் கண்டார். அதைக் காத்தவர்கள் அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் பிள்ளைகளுக்கு இரகசியமாகச் செபம் சொல்லிக்கொடுத்த தாய்மாரும் தகப்பன்மாருமே.

இன்று நம் நிலை இதற்கு எதிர்மாறாக இருக்கிறதோ என்று அஞ்சுகிறேன். பெயர் பங்கின் பதிவேட்டில் ஒழுங்காக இருக்கிறது. வீட்டில் செபம் இருக்கிறதா?

ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே, மூன்று காரியங்களை உங்களிடம் வேண்டுகிறேன். உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் திருமுழுக்குப் பெற்ற நாளைத் தேடி, வீட்டுப் பஞ்சாங்கத்தில் குறித்துவையுங்கள். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுவதுபோல், அந்நாளில் குடும்பமாகக் கூடி, பெட்டிக்குள் கிடக்கும் அந்த மெழுகுதிரியை ஏற்றி விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுங்கள். ஒவ்வோர் இரவும் பிள்ளை உறங்குமுன் அதன் நெற்றியில் சிலுவை வரையுங்கள். தகப்பன்மாரே, இதைத் தாயிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். சடங்கின் முடிவில் குருவானவர் தாயை ஆசீர்வதித்தபின் உங்களையும் தனியே ஆசீர்வதித்தது இதற்காகவே. அந்த ஆசீர்வாதம் உங்கள் இல்லங்களில் நிலைத்திருப்பதாக.