உங்கள் ஊர் எது?



கண்டி நகரில் தமிழர் இருவர் புதிதாகச் சந்தித்தால் பேச்சு எப்படித் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் பெயர், அடுத்த கேள்வி, "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதே. முப்பது வருடமாகத் திருகோணமலை வீதியில் கடை வைத்திருப்பவரும் "கண்டி" என்று பதில் சொல்லமாட்டார். யாழ்ப்பாணம் என்பார், மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொல்வார், அல்லது பாட்டன் காலத்தில் விட்டுவந்த இராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றைச் சொல்வார். அவர் உழைத்தது இங்கே, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இங்கே, தாயை அடக்கம் செய்ததும் இங்கே. ஆனாலும் கண்டி அவருக்கு இருக்கிற இடம் மாத்திரமே. ஊர் வேறெங்கோ இருக்கிறது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1948ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964ம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று அவர்களை மூட்டை எண்ணுவதுபோல எண்ணிப் பங்கிட்டது. 1983 யூலையில் கண்டி நகரத்திலேயே தமிழர் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் திகனையிலும் அயலிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, பழைய புகையின் மணம் பலருக்கு மறுபடி மூக்கில் ஏறியது. நாளைக்கு எழுந்து போகச் சொல்வார்களோ என்று பயப்படுகிறவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தயங்குவான். அவனைக் குறைகூற நமக்கு வாயில்லை.

ஆனால் வேதாகமத்தில் இதே மனநிலையோடு இருந்த ஒரு மக்கள் கூட்டத்தைக் காண்கிறோம். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூதர்கள் அவர்கள். இரண்டு வருடத்தில் எல்லோரும் திரும்பிவிடுவோம் என்று அனனியா என்னும் பொய்த் தீர்க்கதரிசி சொல்ல, அதை நம்பிப் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எரேமியாஸ் தீர்க்கதரிசி அவர்களுக்கு எருசலேமிலிருந்து கடிதம் எழுதினார். அவருடைய ஆகமத்தின் 29ம் அதிகாரத்தில் அதைக் காணலாம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்கிறார். அதோடு விடவில்லை. நீங்கள் கொண்டுபோகப்பட்ட அந்த நகரத்தின் நலத்தைத் தேடி அதற்காகச் செபியுங்கள், அதன் நலத்திலேதான் உங்கள் நலமும் அடங்கியிருக்கிறது என்கிறார். தேவாலயத்தின் பொன் பாத்திரங்களைக் கொள்ளையிட்டுச் சென்ற பட்டணத்துக்காகச் செபிப்பதா! கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் எத்தனை பேர் பல்லைக் கடித்திருப்பார்களோ. (கண்டியைப் பாபிலோன் என்கிறாரே என்று யாரும் கோபிக்க வேண்டாம். நான் ஒப்பிடுவது பெட்டி கட்டிக் காத்திருக்கிற மனத்தை; நகரத்தை அல்ல.)

இந்தக் கடிதத்தின் கருத்தைக் கண்டியிலேயே வாழ்ந்து காட்டிய ஒருவர் நமக்கு உண்டு. கோவையில் பிறந்த யோசவாஸ் அடிகளாரைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கோவை அல்ல, மேற்குக் கரையின் கோவா. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687ம் ஆண்டு, கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். பட்டினியும் நோயும் பட்டு, தமிழ் கற்று, வீடு வீடாக ஒளித்துத் திரிந்து விசுவாசிகளைத் தேடினார். 1692ல் கண்டிக்கு வந்தபோது கிடைத்த வரவேற்பு என்ன? போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று கோள் சொல்லப்பட்டு, அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனின் காவலில் அடைக்கப்பட்டார். அவர் கண்டியில் பெற்ற முதல் விலாசம் சிறைச்சாலை.

"இந்த ஊர் எனக்கு ஆகாது" என்று சொல்லுவதற்கு அவரைவிடக் காரணம் உள்ளவர் யார்? அவரோ காவலில் இருந்தபடியே சிங்களம் கற்றார். ஒரு சிறு குடில் போட்டு, பீடம் வைத்துப் பூசை செய்தார். 1696ல் நாடு வறட்சியால் வாடியபோது வெளியிலே பீடம் அமைத்து மழைக்காக மன்றாடினார், மழை பொழிந்தது, அரசன் அவருக்கு நடமாடும் சுதந்திரம் கொடுத்தான் என்று திருச்சபை நினைவுகூருகிறது.

அடுத்த வருடம் நகரத்தில் அம்மை பரவியது. அரசன் ஊரைவிட்டு விலகினான், பிரபுக்களும் அப்படியே. நோய் கண்டவர்களைச் சொந்தக் குடும்பத்தாரே காட்டோரம் விட்டுவிட்டு ஓடினார்கள். விட்டுப் போக ஏற்ற தருணம் அது. போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். யோசவாஸ் அடிகளாரும் அப்போதுதான் வந்து சேர்ந்த அவருடைய மருமகன் கார்வாலோ அடிகளாரும் நின்றார்கள். கொட்டில்கள் போட்டு நோயாளரைக் கிடத்தினார்கள். சீழும் அழுக்கும் கழுவினார்கள், கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், செத்தவர்களைத் தூக்கிப் புதைத்தார்கள். கத்தோலிக்கன் என்றோ பௌத்தன் என்றோ பிரித்துப் பார்க்கவில்லை. குருவானவர் ஒருவர் அந்த வருடத்தில் செய்ததெல்லாம் அரண்மனைக்காரர் தோட்டிக்கு ஒதுக்கிய வேலை. 1711 சனவரி 16ம் திகதி கண்டியிலேயே உயிர்விட்டார். 1995ல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14ல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத் திடலில் புனிதராகவும் உயர்த்தினார்கள். அவருடைய கல்லறை எந்த இடத்தில் இருந்தது என்று காட்ட இன்றைக்கு ஓர் அடையாளமும் இல்லை. கண்டி மண் அவரைத் தன்னோடு கலந்துகொண்டுவிட்டது.

வாசகரே, புனிதரின் உருவத்துக்கு மாலை போடுகிறோம், நல்லது. அவர் செய்த வேலையை இன்று கண்டியில் செய்கிறவர்கள் யார்?

புகையிரதச் சுரங்கம் இருக்கும் மஹியாவைக்குப் போயிருக்கிறீர்களா? மாநகர சபையின் துப்புரவுத் தொழிலுக்கென்று வெள்ளைக்காரர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். எசல பெரஹரா பார்க்க உலகமே வருகிறது. பத்து நாளும் இரவு யானை நடந்த வீதியை விடியமுன் கூட்டி அள்ளுகிறவர்களை யாரும் படம் பிடிப்பதில்லை. நகரத்தின் குப்பை மகாவலி கங்கைக் கரையில் உள்ள கொகாகொடவுக்குப் போகிறது; அதைத் தொட்டு ஏற்றுகிற கை யாருடையதென்று நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளில் நன்றாகப் படித்தவர்கள்கூட வேலைக்கு விண்ணப்பிக்கும்போது விலாசத்தை மறைக்க நினைக்கிறார்கள். "எந்த ஊர்?" என்ற நம்முடைய பழகிய கேள்வி அவர்களுடைய காதில் எப்படி விழும் என்று எண்ணிப் பாருங்கள். சாதியை அறிய நாம் கண்டுபிடித்த நாகரிகமான வழி அது. கோயிலில் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, வெளியே முற்றத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கிறோமே, அது பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னவர் உண்டா?

இனி, கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டியில் குடியிருப்பவர்களைவிட, நாளாந்தம் வந்து போகிறவர்களே அதிகம். வத்தேகம, மாத்தளை, கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிற பொடியன்கள் உங்கள் புடைவைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் காலை தொடங்கி இரவு வரை நிற்கிறார்கள். சிலர் கடையின் மேல்தட்டிலேயே பாய் விரிக்கிறார்கள். பெற்றோர் உங்களை நம்பி அனுப்பினார்கள். நீங்களும் பெரும்பாலும் நல்ல மனிதர்தான். பெருநாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிறீர்கள், காய்ச்சல் என்றால் மருந்து வாங்கிக் கொடுக்கிறீர்கள். ஆனால் சட்டை தருமம். சம்பளமும் ஓய்வும் நீதி. ஒன்றைக் கொடுத்து மற்றதை ஈடுசெய்ய முடியாது.

இதை நான் சொந்தமாகச் சொல்லவில்லை. நகரத்துக்கு மேலே அம்பிட்டியவில், இன்று தேசிய குருமடம் இருக்கும் இடத்தில், 1893ம் ஆண்டு இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பாப்பரசரின் குருமடத்தை நிறுவியவர் திருத்தந்தை 13ம் சிங்கராயர். அவரேதான் அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1891ல், தொழிலாளர் நிலைபற்றிய புகழ்பெற்ற திருமடலை எழுதியவர். வேறு வழியில்லாமல் தொழிலாளி ஒரு கூலிக்குச் சம்மதித்தான் என்பதனால் அது நீதியான கூலி ஆகிவிடாது என்று அதில் போதித்தார். "அவனே ஒத்துக்கொண்டுதானே வந்தான்" என்ற நம் கடைவீதி நியாயம் அன்றே விழுந்துவிட்டது.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1954ம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் வேலை. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. 1958ம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12 செலுத்த வேண்டும். வீட்டு வேலைக்கு நிற்கிற பெண்பிள்ளைகளுக்கு அந்த 1954ம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. அதனால் அவர்கள் விஷயத்தில் வீட்டு எசமாட்டியின் மனச்சாட்சி ஒன்றே காவல். ஞாயிறு பூசைக்கு நீங்கள் குடும்பமாக வரும்போது அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறாள்? அடுப்படியில் என்றால், உங்கள் பூசைக்கு அவள் விலை கொடுத்திருக்கிறாள்.

கண்டியின் நலத்தைத் தேடுவது என்றால் பெரிய காரியம் ஒன்றும் தேவையில்லை. உங்கள் கடைக்குள்ளேயே தொடங்கலாம். இந்த மாதச் சம்பளக் கணக்கை எழுதும்போது, உங்களிடம் நிற்கிற பொடியனின் பெயர் சேமலாப நிதியில் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதியவில்லையானால், தொழில் திணைக்களத்தின் கந்தோர் கண்டியிலேயே இருக்கிறது. அவனுடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்திரத்தில் விலாசம் கேட்பார்கள்; அவன் உங்கள் மேல்தட்டில் படுக்கிறவனாக இருந்தால், கண்டி என்றே எழுதுங்கள்.