கட்டிய கயிறும் அமானிதமே

விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம் வெண்ணிற வேட்டை நாய்க்குப் பெயர் பெற்ற ஊர். 2005இல் இந்திய அஞ்சல் துறை அந்நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது. அப்பெருமையை நாடிக் குட்டியை வாங்குவோர் உளர். தீனிச் செலவு மிகுந்ததும், அல்லது அது பிறவிச் செவிடென்று தெரிந்ததும், சாலையோரம் இறக்கிவிட்டுத் திரும்புவோரும் உளர். இவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. பின்னால் வரும் லாரியின் ஓசை அதற்கு எவ்வாறு கேட்கும்?

காவலுக்கும் வேட்டைக்கும் மந்தைக்கும் நாய் வளர்க்க நமக்கு அனுமதியுண்டு. பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். "அவிழ்த்து விட்டால் குற்றமில்லையே!" எனச் சிலர் வாதிடலாம். பூனை இரை தேடிக்கொள்ளும். நம் கையால் உண்டே வளர்ந்த நாய் அறிந்தது நம் வாசல் ஒன்றைத்தானே? அதை அவிழ்த்து விடுவது விடுதலையன்று, பட்டினிதான். பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றமே.

வளர்க்க இயலாதெனில், வளர்ப்பவரைத் தேடி ஒப்படைப்போம். அதுவரை அதன் பசி நம் பொறுப்பு. வாங்குமுன் சிந்திப்பதோ அதனினும் மேல்.