குளவியும் புழுவும்

குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பார்கள். குருவின் அருளால் சீடனும் குருவே ஆகிவிடுவதற்கு வேதாந்திகள் சொன்ன உவமை. மண்கூட்டுக்குள் புழு போகிறது, சில வாரம் கழித்துக் குளவி வருகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது அருள்தான்.

உள்ளே நடப்பது வேறு. கொட்டுப்பட்ட புழு சாவதில்லை, முடங்கிப்போகிறது. செத்தால் அழுகிவிடும், குளவிக்குஞ்சுக்கு இரை கெடக் கூடாது. பிரான்சின் ழான் ஆன்றி ஃபாபர், பானை போல மண்கூடு கட்டும் குளவியின் கூட்டில் சின்னத் திறப்பு வெட்டிப் பார்த்தார். முட்டை தரையில் இல்லை, கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்குகிறது. கீழே கிடக்கும் புழுக்களுக்கு இன்னும் அசைவு இருப்பதால்தான் இந்த ஏற்பாடு. நெளிந்தால் முட்டை நசுங்கிவிடும். பொரிந்த குஞ்சு தலைகீழாகத் தொங்கியபடியே தின்னத் தொடங்குகிறது. புழு துள்ளினால் மேலே ஏறிக்கொள்கிறது.

அந்த இழையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எவ்வளவு அக்கறை அதில்! முழுக்க ஒரு பக்கத்துக்கே.

*

ஃபாபர் அதில் படைத்தவனின் அறிவைக் கண்டார். டார்வினுக்கு நேர்மாறாகப் பட்டது. அவர் சொன்னது வேறு இனம், உயிருள்ள புழுவின் உடம்புக்குள்ளேயே தின்று வளர்வது. கருணையும் வல்லமையும் உள்ள கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் ஒப்ப முடியவில்லை என்று 1860 மே மாதம் ஹார்வர்டின் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதினார். பத்து வயது மகள் ஆனியை 1851இல் பறிகொடுத்தவர் அவர்.

*

சைவ சித்தாந்தத்துக்கு இந்தச் சிக்கல் சற்று இலகு. இறைவன் உயிரைப் படைக்கவே இல்லை. இறைவனாகிய பதி, உயிராகிய பசு, அதைக் கட்டும் பாசம் மூன்றுக்கும் தொடக்கம் கிடையாது. பாசத்தில் ஒன்றான ஆணவம் உயிரை அநாதியாகவே பற்றியிருக்கிறது. உடம்பும் உலகமும் அதைக் கழிக்கக் கிடைத்தவை. தண்டனை போலத் தெரிவதற்கும் மறக்கருணை என்று பெயர். கட்டுக்கோப்பான பதில். ஆனால் அந்தப் புழு என்ன வினை செய்தது? முற்பிறவி என்பார்கள். முற்பிறவியை இழுத்தால் எந்தத் துன்பத்துக்கும் கணக்கு நேராகிவிடும். எனக்கு அது ஒட்டாமல் போவதும் அதனால்தான்.

இயற்கையின் சமநிலை என்றும் ஒரு பதில் உண்டு. பூச்சி முட்டைகளை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளின் அட்டையைக் கரும்புத் தோகையில் கட்டும் விவசாயிக்குக் குளவியினம் உபகாரி. காலைக் காப்பிக்குச் சர்க்கரை கேட்கிற எனக்கும்தான்.

*

புழுவுக்கு ஏது வலி என்று தள்ளிவிடலாம். சரி, மான். அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ரோ 1979இல் ஒரு மான்குட்டியைக் கற்பனை செய்து காட்டினார். காட்டுத்தீயில் வெந்து, சில நாள் கிடந்து, சாகிறது. பார்த்தவர் யாருமில்லை. யார் மனதிலும் இரக்கம் சுரக்கவில்லை, யாரும் திருந்தவில்லை. துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்பவர்கள் அந்த இடத்தில் வாய் மூட வேண்டியிருக்கிறது.

இதனால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. முழுமையான படைப்பாளி என்பதையும் தர்க்கத்தில் காப்பாற்றிவிடலாம். கெட்டிக்காரர்கள் காப்பாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் நான் படித்த விளக்கங்களில் பெரும்பாலானவை குளவியின் பக்கம் நின்று சொல்லப்பட்டவை. நான் கும்பிடுகிறவன். கும்பிடுவேன். வதைபடும் ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு அவனுக்காக வக்காலத்து வாங்க மட்டும் மாட்டேன்.

*

கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர். பரிணாமத்தை ஏற்று, அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவரும் அவரே. குளவிக் கடிதம் அவர் நம்பிக்கையை அசைக்கவில்லை. டார்வினும் அதே கடிதத்தில், இது மனித அறிவுக்கு மீறிய ஆழம், நியூட்டனின் மனதை ஒரு நாய் ஆராய்வது மாதிரி என்றும் எழுதியிருந்தார். ஒருவர் இன்னொருவரை மாற்றவில்லை. பிறகு வந்த கடிதங்களில் ஆர்க்கிட் பூக்களைப் பற்றியும் பூச்சி தின்னும் செடிகளைப் பற்றியும் நிறைய இருக்கிறது.